கொசுறாக வாங்கிய செடி

சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருக்கும். அப்போது நாங்கள் திருவொற்றியூர் குப்பத்தில் இருந்தோம். என் வீட்டுக்காரர் கட்டுமரத்தில் போவார். நான் மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தண்டையார்பேட்டை வரை நடந்து, தெருத்தெருவாக விற்றுவிட்டு வருவேன்.

தீபாவளி கழிந்த மறுவாரம். மூன்றாவது படித்துக்கொண்டிருந்த என் மகள் ஸ்லேட்டை மூலையில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

“நான் இனிமே இஸ்கூலுக்குப் போவ மாட்டேன்.”

“இன்னாடி ஆச்சு?”

“பக்கத்துல யாரும் குந்த மாட்றாங்கோ. கவிச்சி நாறுதாம். மூக்கப் புடிச்சிக்கினு நவுந்து நவுந்து போறாளுங்கோ.”

 பிள்ளைகள் சொன்னது பொய் இல்லை. எங்கள் வீட்டில் கூடை, வலை, கூரை எல்லாவற்றிலும் அந்த வாசனைதான். சோப்பு போட்டுக் குளிப்பாட்டினேன். போகவில்லை. இரண்டு அடி அடித்தும் பார்த்தேன். அதற்கும் அவள் போகவில்லை.

மூன்றாம் நாள் அவளே சொன்னாள். தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு போனால் போவாளாம். தினமும் வேண்டுமாம்.

தினமும் பூ வாங்குகிற வீடா எங்களுடையது? அதனால், “வாசல்ல செடி வெச்சிடலாம். பூத்ததும் போவியா?” என்றேன்.

“போவேன்.”

பள்ளிக்கூடத்து டீச்சரம்மாவைப் போய்ப் பார்த்தேன். கிறிஸ்மஸ் லீவு முடிந்து திறக்கிற அன்றைக்கு வரவில்லை என்றால் பேரை அடித்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார். கையில் இரண்டு மாசம் இருந்தது. நான் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தது அதுதான் முதல் தடவை. இவளாவது உள்ளே உட்காரட்டும் என்று இருந்தது.

செடி காசு கொடுத்து வாங்குகிற பொருள் என்றே நான் நினைக்கவில்லை. மீன் வாங்குகிறவர்கள் எல்லாரும் என்னிடம் கொசுறு கேட்பார்கள். பத்து நெத்திலி எண்ணிப் போட்டால் இன்னும் இரண்டு போடு என்பார்கள். நானும் கேட்க ஆரம்பித்தேன்.

“கொசுறு போடறேம்மா. எனுக்கும் ஒரு குச்சி கொசுறு குடு.”

யாரும் இல்லை என்று சொல்லவில்லை. ஒரு வீட்டில் நந்தியாவட்டை, இன்னொரு வீட்டில் செம்பருத்தி, மூன்றாவது வீட்டில் மல்லிக் கொடியையே ஒடித்துக் கொடுத்தார்கள். நான் தெருவில் திரும்பினாலே, “குச்சிக்காரி வர்றா, செடியை மூடு” என்று சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

கொண்டுபோய் நட்டதெல்லாம் செத்தது. ஒன்றுகூடத் துளிர்க்கவில்லை. மூன்று நாளில் இலை கறுத்து, ஒரு வாரத்தில் குச்சி சுருங்கிவிடும். மறுபடி கேட்பேன், மறுபடி நடுவேன், மறுபடி சாகும். மூன்று வாரம் இப்படியே போனது. வீட்டுக்காரர் வலையைத் தைத்துக்கொண்டே, “இது செடியா, சுடுகாடா?” என்றார். மகள் காலையில் எழுந்ததும் போய்க் குச்சிகளைப் பார்த்துவிட்டு வந்து படுத்துக்கொள்வாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

தண்டையார்பேட்டையில் ஒரு பாய் வீட்டம்மா என்னிடம் வாடிக்கை. அவர் வீட்டு முற்றம் முழுக்க டின்களில் செடி இருக்கும். அந்த அம்மா மட்டும் ஒரு நாள், “போன வாரம் குடுத்த குச்சி இன்னாமே ஆச்சு?” என்று கேட்டார்.

“செத்துப் போச்சும்மா.”

“அதுக்கு முன்ன குடுத்தது?”

“அதுவும்தான்.”

“எப்படி எடுத்துக்கினு போறே, காட்டு.”

அன்றைக்கு வேறு வீட்டில் வாங்கின செம்பருத்திக் குச்சி கூடையில் இருந்தது. காட்டினேன். மீன் வாடாமல் இருக்க நாங்கள் என்ன செய்வோமோ, அதையே செடிக்கும் செய்திருந்தேன். கடல் தண்ணீரில் நனைத்த சாக்கைக் கூடையில் விரித்து, குச்சியை மீனுக்குப் பக்கத்தில் படுக்க வைத்து, மேலே இன்னொரு ஈரச் சாக்கைப் போட்டு மூடியிருந்தேன். மீன் அதில் சாயங்காலம் வரை பளபளப்பாக இருக்கும். செடியும் இருக்கும் என்றுதான் நினைத்தேன்.

அந்த அம்மா ஓர் இலையைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார். முகம் கோணியது. அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். நிற்க முடியாமல் படியில் உட்கார்ந்துவிட்டார்.

“அடிப் பாவி, நீ குச்சிய கருவாடு போட்டுக்கினு கீறியே.”

எனக்கு வெட்கமாக இருந்தது. பிறகு எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அத்தனை தெரு அலைந்து நான் போட்டதெல்லாம் கருவாடு.

சிரித்து முடித்ததும், எதுக்கு இத்தனை குச்சி என்று கேட்டார். சொன்னேன். அவர் எழுந்து உள்ளே போனார். குழாயடியில் தானாக முளைத்திருந்த டிசம்பர் பூச் செடிகளை, ஒரு முழ உயரம் இருக்கும், மண்ணோடு ஐந்து பெயர்த்தார். வேரை வாழை மட்டையில் கட்டினார். இரண்டு பழைய டின்னும் தோட்டத்து மண்ணும் கொடுத்தார்.

“கூடைல வெக்காதே. இடுப்புல வெச்சிக்கினு போ. கடலுத் தண்ணி பட்ட கைய கழுவிட்டுத் தொடு. குழாத் தண்ணியும் மழத் தண்ணியும்தான் ஊத்தணும்.”

கூடை தலையில், செடி இடுப்பில், டின் கையில் என்று நடந்தேன். வழியில் பார்த்தவர்கள், மீன்காரி குடும்பத்தோடு வீடு மாறுகிறாள் என்றார்கள்.

செடிகள் இரண்டு நாள் தலை தொங்கி நின்றன. மூன்றாம் நாள் நிமிர்ந்தன. மகள் அன்றைக்கு என்னிடம் வந்து, “யம்மா, இது நிக்குது” என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு தெருக் குழாயில் வரிசையில் நின்று ஒரு செம்பு தண்ணீர் அதற்கென்று பிடித்துவருவது அவள் வேலை. ஆடு மேயாமல் இருக்க வீட்டுக்காரர் கிழிந்த வலையைச் சுற்றிக் கட்டினார். நான் கேட்கவில்லை. அவரே கட்டினார்.

கார்த்திகையில் ஒரு நாள் காலையில் கடல் பொங்கி வாசல் வரை ஏறிவிட்டது. எல்லாரும் வலையையும் பாயையும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வலைதான் எங்கள் சோறு. அவர் முதலில் அதைத்தான் எடுப்பார் என்று பார்த்தேன். இரண்டு டின்களையும் இரண்டு கையில் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போனார். வலையை நான் இழுத்துக்கொண்டு போனேன். அங்கே, “உப்புத் தண்ணி பட்டா கருவாடாயிடும்னு நீதானே சொன்னே” என்றார்.

மார்கழியில் மொட்டு வந்தது. லீவு முடியும் வரை ஒன்றிரண்டாகத்தான் பூத்தது. பள்ளிக்கூடம் திறக்கிற அன்று காலையில் எண்ணாமல் பறிக்கிற அளவுக்குப் பூத்திருந்தது. ஊதா நிறம். நார் இல்லை. வலை தைக்கிற நூலில் கட்டினேன். தலை தெரியாமல் வைத்துக்கொண்டு போனாள்.

அவள் போன பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. கட்டும்போது மூக்குக்கு ஒன்றும் வரவில்லை. டிசம்பர் பூவுக்கு வாசனையே கிடையாது.

அன்றைக்கு யாருக்கு எந்த மீன் போட்டேன் என்று எனக்குத் தெரியாது. சாயங்காலம் ஓட்டமும் நடையுமாக வந்தேன். மகள் வாசலில் இருந்தாள். தலையில் ஒரு பூகூட இல்லை. 

“பூ எங்கடி?”

“குட்துட்டேன். எல்லாரும் கேட்டாங்கோ.”

“மூக்கப் புடிச்சாங்களா?”

யோசித்தாள். “புடிக்கலயே. புடிச்சிக்கினு எப்படி பூ கேப்பாங்கோ?”

ஞாயிற்றுக்கிழமை நாலு பெண் பிள்ளைகள் குப்பத்துக்கு வந்தார்கள். டிசம்பர் குச்சி வேண்டுமாம். நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தவளும் அதில் இருந்தாள். என் மகள் கையைக் கழுவிவிட்டு வந்து, ஆளுக்கு ஒன்று ஒடித்துக் கொடுத்தாள். “கடலு தண்ணில வெக்காதீங்கடி, கருவாடாயிடும்” என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னாள். நான் நெத்திலி வறுத்துக் கொடுத்தேன். தட்டு காலியாகும் வரை யாரும் எழுந்திருக்கவில்லை. ஒரு கையில் குச்சியும் இன்னொரு கையில் நெத்திலி வாசனையுமாகப் போனார்கள். என் மகளோடு சேர்த்து ஐந்து பேருக்கும் ஒரே வாசனை.

மறுவாரம் பாய் வீட்டம்மாவுக்கு, அவர் டின்னில் பூத்த பூவைக் கட்டி எடுத்துக்கொண்டு போனேன். இடுப்பில்தான் வைத்திருந்தேன். வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, “கொசுறு எங்கமே?” என்று கேட்டார். இரண்டு கை நெத்திலி போட்டேன்.

நான் இதை எழுதுகிற இந்த எழுத்தெல்லாம் பிற்பாடு என் மகள் சொல்லிக்கொடுத்தது. இன்றைக்கும் யாராவது வந்து ஒரு குச்சி கேட்டால் கையைக் கழுவிவிட்டுத்தான் ஒடிக்கிறேன். ஒடிக்கும்போதெல்லாம், என் பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தது வாய் திறந்து கேட்ட அந்தக் கொசுறுதான் என்று நினைத்துக்கொள்வேன்.