பெயர் இல்லாத மாத்திரை அட்டை

மூன்று வருஷத்துக்கு முன், மார்கழியில் கச்சிராயபாளையத்துப் பக்கம் கரும்பு வெட்டு மும்முரமாக இருந்த நேரம். பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு மெடிக்கல் ஷாப். பார்மசி படித்தவள், பதினைந்து வருஷ அனுபவம். டாக்டர் சீட்டு இல்லாமல் வந்து, வியாதியைச் சொல்லி மாத்திரை கேட்பவர்கள்தான் பாதிப் பேர். சும்மா சொல்லக் கூடாது, அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறித்தான் இருந்தது.

கரும்பு வெட்டப் போகும் பெண்கள் நீர்க்கடுப்பு என்று அடிக்கடி வருவார்கள். வயலில் ஒதுங்க இடம் கிடையாது, கூடவே ஆண்கள் வெட்டிக்கொண்டிருப்பார்கள். அதனால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார்கள். முட்டிக்கொண்டு வந்தாலும் அடக்கிக்கொள்வார்கள். அப்படி வந்தவர்களில் ஒருத்திக்கு நாற்பது வயசு இருக்கும். கரும்பைக் கட்டு கட்டுகிற வேலை. சிரித்த முகம்.

"அக்கா, ஒண்ணுக்குப் போனா நெருப்பாட்டம் எரியுது. நாளைக்கு வேலைக்குப் போவணும், சீக்கிரம் நிக்கிறாப்ல குடுங்க" என்பாள்.

ஆன்டிபயாட்டிக் அட்டையைக் கத்தரிக்கோலால் நறுக்கி நாலு மாத்திரை கொடுப்பேன். ரெண்டு போட்டதும் எரிச்சல் நின்றுவிடும். மீதியை அடுத்த தடவைக்கு என்று எடுத்து வைத்துக்கொள்வாள். பதினைந்து நாளில் திரும்ப வந்து நிற்பாள். நான் அதைவிட வீரியமானதை நறுக்குவேன். அந்த சீசனில் மட்டும் ஐந்து தடவை. ஒரு தடவைகூட டெஸ்ட் எடுக்கச் சொல்லவில்லை.

மாசிக் கடைசியில் ஒரு மதியம் அவள் புருஷன் போன் செய்தார். கள்ளக்குறிச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள்.

"மேடம், குளுரு ஜொரத்துல ஒடம்பு தூக்கித் தூக்கிப் போடுதுங்க. இன்னா மாத்திர சாப்ட்டுச்சுன்னு டாக்டரு கேட்டுக்கினே இருக்காரு. வூட்ல இருந்த அட்டைய எடுத்தாந்து காட்டனேன், அதுல பேரே இல்லீங்க."

எப்படி இருக்கும்? பேர் இருந்த துண்டு என் கடை டப்பாவில்தான் கிடந்தது. ஷட்டரை இறக்கிவிட்டு ஓடினேன்.

நான் சொன்ன பெயர்களை அந்த டாக்டர் எழுதிக்கொண்டார். தொற்று கிட்னிக்கு ஏறி ரத்தத்திலும் கலந்துவிட்டது, எந்த மருந்துக்கும் அசையவில்லை என்றார். ஆரோக்கியமான சிறுநீரில் கிருமியே இருக்காது என்றுதான் நான் படித்திருந்தேன். அப்படி இல்லையாம். மூத்திரப்பையிலும் சிறுநீர் வெளியேறும் வழியிலும் நம்மோடு குடியிருக்கிற கிருமிகள் உண்டாம். அதில் சிலது, கெட்டதை அண்டவிடாமல் பார்த்துக்கொள்ளுமாம்.

"தடவைக்கு ஒண்ணா மாத்தி மாத்திக் குடுத்து, காவலுக்கு இருந்ததையும் கொன்னுட்டீங்க. மருந்துக்குச் சாகாதது மட்டும் மிஞ்சியிருக்கு" என்றார். குரலை உயர்த்தவில்லை.

ஆறாம் நாள் அவள் இறந்துபோனாள்.

காரியத்துக்குப் பயந்துகொண்டேதான் போனேன். புருஷன் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டு, "கடையச் சாத்திட்டு ஓடியாந்தீங்களே" என்று அழுதார். நான் வாயைத் திறக்கவில்லை. அப்படிப்பட்ட கோழை நான்.

அடுத்த வெட்டு சீசனில் அவளுடைய மகள் கடைக்கு வந்தாள். கல்யாணமாகி, அம்மா வேலை செய்த அதே ஆட்களோடு கரும்புக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"எங்கம்மாவுக்குக் குடுப்பீங்களே, அந்த மாத்திரைய எனக்கும் குடுங்க. போட்டா ஒடனே நின்னுடும்னு அம்மா சொல்லும்."

அவளை உள்ளே உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன், ஐந்து தடவையையும். அவள் திட்டவில்லை. "எங்கம்மா உங்கள அவ்ளோ நம்பிச்சு" என்றாள், அவ்வளவுதான். நானே கூட்டிக்கொண்டு போய் சிறுநீர் டெஸ்ட் எடுத்து, டாக்டரிடம் காட்டினேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் ஊர் வந்து சேரும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்குச் சரியாகிவிட்டது.

கேட்டதைக் கொடுப்பதுதான் உதவி என்று நினைத்திருந்தேன். 'எனக்குத் தெரியலம்மா, டாக்டர்கிட்ட போ' என்று அவள் அம்மாவிடம் ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால், இன்றைக்கு அந்தத் தாய் உயிரோடு இருந்திருப்பாள் என்ற எண்ணம் என்னை இன்னும் விடவில்லை.