பொறி மண்டியிட்ட ஞாயிறு

அந்தப் பேரை அவள் முதன்முதலில் கேட்டது தன் சித்தப்பா வாயால்தான்.

“மாப்பிள்ளைக்கு வெல்டிங் வேலை. எல்லாரும் பொறின்னுதான் கூப்பிடுவாங்க.”

“எலிப்பொறியா தீப்பொறியா சித்தப்பா?”

“கட்டிக்கிட்டுத் தெரிஞ்சுக்கோயேன்!”

கட்டிக்கொண்டாள். மனுஷன் ரெண்டுமாகத்தான் இருந்தார். சர்ச் பாடகர் குழுவில் அவர் அடித்தொண்டையில் எடுத்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும். அப்படிப்பட்டவரைக் குடி பிடித்தது. வேலை முடிந்து ஒரு கிளாஸ் என்று வாசலில் நின்றது, வேலைக்கு முன்னால் ஒரு கிளாஸ் என்று நடுவீட்டில் சம்மணம் போட்டுக்கொண்டது. பாட்டும் போச்சு, ஜெபமும் போச்சு.

ஒருநாள் சர்ச் கேட்டின் கீல் உடைந்ததென்று போதகர் அவருக்கு ஆளனுப்பினார். போனார். கை வெடவெடவென்று ஆடியதில் பற்றவைத்தது ஒட்டவில்லை. கேட் மறுபடி கழன்று விழுந்தது. உள்ளே பாடகர் குழு பாடிப் பழகிக்கொண்டிருந்தது. அந்தப் பாட்டில் தம் குரல் இருந்த இடம் மட்டும் காலியாகக் கேட்டது அவருக்கு. விழுந்த கேட்டின் மேலேயே உட்கார்ந்து, “ஆண்டவரே, என்னை எடுத்துக்கும்” என்று குழந்தை மாதிரி அழுதார். போதகர் அவர் தலையில் கைவைத்து ஜெபித்தார். ஜெபித்த கையோடு, “ஆஸ்பத்திரியும் கர்த்தர் கொடுத்ததுதான், எழுந்திருங்க” என்று கூட்டிக்கொண்டு போனார்.

ஆள் தேறினார். ஞாயிறு தவறாமல் வந்தார். அப்பமும் திராட்சரசமும் கொடுக்கும் திருவிருந்துக்கு மட்டும் பெஞ்சை விட்டு எழுந்திருக்க மாட்டார்.

“பாத்திரத்துல இருக்கறது ஒயின்டி. ஒரு சொட்டு நாக்குல பட்டா நான் பழைய ஆளு.”

அவளுக்கோ அவர் பக்கத்தில் மண்டியிட வேண்டுமென்று தவிப்பு. பலிபீடத்தில் எல்லாம் எடுத்துவைப்பது நாத்தனார். அவளிடம் போய் நின்றாள்.

“அண்ணி, இந்தத் தடவை மட்டும் காய்ச்சின திராட்சை ஜூஸ் ஊத்திடுங்க.”

“என் தம்பிக்குச் செய்ய மாட்டேனா? போதகர்கிட்ட அப்புறம் சொல்லிக்கலாம், போ!”

“ஏங்க, ஜூஸ்தாங்க!” என்று அவள் குதித்த குதியில் அவரும் சம்மதித்தார்.

அந்த ஞாயிறு வந்தது. ரெண்டு பேரும் தோளோடு தோள் ஒட்டி மண்டியிட்டார்கள். அப்பம் வாங்கினார். பாத்திரம் வந்தது. இரண்டு கையாலும் பிடித்தவர், வாய்க்குக் கொண்டுபோகாமல் நிறுத்திவிட்டார். மூக்கு விடைத்தது.

அவள் முழங்கையால் இடித்தாள். “குடிங்க!”

அவர் பாத்திரத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பாத்திரத்தை நெற்றியில் ஒற்றி, “ஆமென்” என்று சொல்லி, அவள் பக்கம் நகர்த்திவிட்டார்.

இன்னும் நம்பவில்லையே என்று கோபமாகவே வாயில் வைத்தாள். நாக்கு சுர்ரென்றது. ஒயின்! அசல் ஒயின்! இவரைக் கிணற்றில் தள்ளவா இடித்தேன் என்று அவளுக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது.

அவர் காதோடு சொன்னார்: “பயப்படாதே. எனக்கு அப்பமே போதும். அப்பத்துல ஆண்டவர் என்ன பாதியாவா இருக்கார்?”

வெளியே நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். “பாவி நான்! சந்தோஷத்துல மூக்குக்கண்ணாடியை வீட்டுலயே விட்டுட்டேன். ரெண்டு பாட்டிலும் ஒரே மாதிரி இருந்துச்சுடா!”

“விடுக்கா. என்னால முடியும்னு எனக்கே இன்னிக்குத்தானே தெரிஞ்சுது!”

கட்டிக்கொண்டவளுக்கோ நின்ற இடத்தில் கால் நிற்கவில்லை. எதிரே வந்தவரையெல்லாம் பிடித்து நிறுத்தினாள். “கையில வாங்கிட்டும் குடிக்கலைங்க! மோந்து பார்த்தும் குடிக்கலைங்க!”

“மெதுவாடி, தெருவுக்கே கேக்குது.”

“கேக்கட்டுமே!”

இப்போது பொறி பழைய பட்டறையிலேயே வேலை செய்கிறார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம், குடியை விட வருகிறவர்களோடு சர்ச்சின் பின்னறையில் உட்கார்ந்திருப்பார். திருவிருந்தில் அப்பம் மட்டும் எடுக்கிறார்.