ஸ்டெல்லா முழந்தாளிட்ட ஞாயிறு

ஜூலை, முதல் வாரம்: குளியலறை வாசலில் என் மனைவி ஸ்டெல்லா வழுக்கி விழுந்தாள். இடது தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்தது. மறுநாள் அறுவை சிகிச்சை. இடுப்புப் பந்துமூட்டின் பாதி செயற்கையாக மாற்றப்பட்டது.
ஜூலை, இறுதி: சாந்தோமில் உள்ள எங்கள் வீட்டுக்குத் திரும்பினாள்.
ஆகஸ்ட்: வாக்கர் பிடித்து நடந்தாள்.
செப்டம்பர்: கைத்தடியுடன் நடந்தாள்.
அக்டோபர், ஒரு ஞாயிறு: மூட்டு நழுவியது.
நவம்பர்: நிமோனியா (நுரையீரல் அழற்சி). இறந்தாள்.

முதிய துணையை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அறுவை சிகிச்சைக்குப் பின் மருத்துவர் தெளிவாகவே சொன்னார்: “தாழ்வான நாற்காலி வேணாம். தரையில உக்காரக் கூடாது, முட்டி போடக் கூடாது. இடுப்பு ரொம்ப மடங்கினா மூட்டு நழுவிடும்.”

“முட்டி போடறதெல்லாம் என் கிளாஸ் பசங்க வேலை டாக்டர்” என்றாள் ஸ்டெல்லா. ஓய்வுபெற்ற ஆசிரியை. அனைவரும் சிரித்தோம்.

வீட்டுப் பராமரிப்பு நிறுவனம் ஒன்று நொச்சிக்குப்பத்திலிருந்து கஸ்தூரியை அனுப்பியது. பகல் முழுவதும் உடனிருப்பார். பிசியோதெரபிஸ்ட் (இயன்முறை மருத்துவர்) காலையில் வந்து பயிற்சி தருவார். நாற்காலிக் கால்களுக்கு அடியில் மரக்கட்டைகள் வைத்து உயர்த்தினோம். கழிப்பறை இருக்கையும் உயர்ந்தது. இந்த ஏற்பாடுகளில் எனக்கு இன்றும் குறையில்லை. அவற்றால்தான் அவள் எழுந்து நடந்தாள்.

“காலு இன்னா சொல்லுது டீச்சர்?” என்று கேட்டபடியேதான் கஸ்தூரி நுழைவார்.

“உன்னை மாதிரி வாயாடி இல்லம்மா அது. சொன்னதைக் கேக்குது.”

“அப்போ பட்டினப்பாக்கம் வரிக்கும் இட்டுக்கினு போறேன். நீங்களே மீன் பேரம் பேசுங்க. சாரு பேசினா நாறின மீனத்தான் குடுக்கறாங்க.”

அவள் விரும்பியது மீன் கடையை அல்ல, கோயிலை. தானே நடந்து சென்று பீடத்தின் முன் நிற்க வேண்டும் என்பது மட்டுமே அவளுடைய இலக்கு. அதுவரை பங்குத் தந்தை ஞாயிறுதோறும் திருப்பலி முடிந்ததும் வீட்டுக்கே நற்கருணை (ஆண்டவரின் உடலாக நாங்கள் ஏற்கும் அப்பம்) கொண்டுவந்தார். உட்கார்ந்தே வாங்கிக்கொள்ளலாம் என்று முதல் நாளே சொல்லியிருந்தார். உட்கார்ந்தே வாங்கினாள்.

ஒருமுறை என்னிடம் சொன்னாள்: “என்னங்க, ஆண்டவர் வீடு தேடி வர்றாரு. நான் நாற்காலியில உக்காந்திருக்கேன். நல்லாவா இருக்கு?”

“கால் முறிஞ்சது அவருக்குத் தெரியும்” என்றேன். சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டாள். ஒப்புக்கொண்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிறு மேசைமேல் மெழுகுவர்த்தி எரிந்தது. தந்தை சிமிழைத் திறந்தபோது ஸ்டெல்லா கைத்தடியைச் சுவரில் சாய்த்தாள். கட்டில் சட்டத்தைப் பிடித்து, எங்கள் கை எட்டுமுன் முழந்தாளிட்டாள். வலியில்லாமல் இறங்கிவிட்டாள். நாவில் நற்கருணையைப் பெற்றாள். எழும்போதுதான் இடுப்பு மடங்கித் திரும்பியது. மூட்டு நழுவிய ஒலியை நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

கஸ்தூரி அடுக்களையிலிருந்து ஓடி வந்தார். “டீச்சர், இன்னா வேல பண்ணிட்டீங்க...”

தரையில் கிடந்தபடியே ஸ்டெல்லா சொன்னாள்: “உஷ். ஃபாதர் இன்னும் ஜெபம் முடிக்கல.”

மயக்க மருந்து கொடுத்து மூட்டை உள்ளே பொருத்தினார்கள். மீண்டும் படுக்கை. படுத்தே இருக்கும் முதியவரின் நுரையீரலில் சளி தேங்கும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். தேங்கியது. முழந்தாளிட்டதற்காக அவள் என்னிடம் வருந்தியதாக நினைவில்லை.

உங்கள் வீட்டில் பூஜையோ தொழுகையோ ஜெபமோ இருக்கக்கூடும். அதற்கான அசைவுகளை மருத்துவர் முன் ஒவ்வொன்றாகச் செய்து காட்டி, எது ஆகும், எது ஆகாது, ஆகாததற்கு மாற்று என்ன என்று கேளுங்கள். வேடிக்கையாகச் சொல்லிக் கடந்துவிடாதீர்கள்.

நாற்காலிகள் இன்னும் அவளுக்கான உயரத்தில்தான் இருக்கின்றன. அவளைவிட நான் குள்ளம். உட்கார்ந்தால் குதிகால் தரையில் படுவதில்லை. சிறிது நேரத்தில் பாதம் மரத்துவிடும். காலையில் பயிற்சி வேளை வந்ததும் என் உடல் தானாக எழுந்து நிற்கிறது. யாரைப் பிடிப்பதென்று கைகளுக்குத் தெரிவதில்லை. அந்த வேளை கழிந்தபின் மாலை வரை நாளுக்கு உருவமில்லை.

செய்யாமல் இருப்பவை:

மரக்கட்டைகளை எடுப்பது.

வாக்கரைத் தேவைப்படும் யாருக்காவது கொடுப்பது.

மயிலாப்பூரில் முதியோர் பகல்நேர மையம் ஒன்றில் கஸ்தூரி எனக்காகப் பேசி வைத்திருக்கிறார். அங்கே போய்ப் பார்ப்பது.

தவறு உங்களுடையதல்ல என்று பங்குத் தந்தையிடம் சொல்வது.

கோயிலில் முழந்தாளிடுவது. எனக்கு எந்த மருத்துவரும் தடை சொல்லவில்லை.