வகுப்புக்கு ஆள் பிடித்த கியுவோன் அம்மா

ப்யோன் ஓக்ரான் என்று அவளுக்கு ஒரு பெயர் உண்டு என்பது வங்கிக்காரர்களுக்கு மட்டும்தான் தெரியும். வொன்ஜு ஊரில் எங்கள் குடியிருப்பு முழுக்க அவள் கியுவோன் அம்மா. கல்யாணத்துக்கு முன் மருந்துக் கடையில் கணக்குப் பார்த்தவள். பிள்ளை பிறந்ததும் அந்தப் புத்தி முழுவதையும் அவன் தலையில் இறக்கிவிட்டாள். அவன் தவழும்போதே சியோல், பொறியியல் கல்லூரி என்று முடிவாகிவிட்டது. "நம்ம ஊர்லயும் காலேஜ் இருக்கே" என்று அவள் புருஷன் ஒருமுறை வாயை விட்டார். அந்த வாரம் முழுக்க அவருக்கு வெறும் நூடுல்ஸ்தான்.

நான் பார்லர் வைத்திருக்கிறேன். தலைமுடியைச் சுருட்டி உட்காரவைத்துவிட்டால் எந்தப் பெண்ணும் எழுந்து ஓட முடியாது, அதனால் எல்லார் வீட்டு விஷயமும் எனக்குத் தெரியும்.

கியுவோன் மேல்நிலைப் பள்ளியில் இரண்டாம் ஆண்டு வந்தபோது பாடம் தேர்ந்தெடுக்கும் காலம் வந்தது. உயர் இயற்பியல் எடுத்தால்தான் சியோல்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் அந்தப் பாடத்தைக் கண்டு பிள்ளைகள் தெறித்து ஓடினார்கள். சேர்ந்தவர்கள் பன்னிரண்டு பேர்தான். எங்கள் ஊர்ப் பள்ளிகளில் நூற்றுக்கு நான்கு பேருக்குத்தான் முதல் தரம். பன்னிரண்டு பேருக்கு அந்தக் கணக்கைப் போட்டால் அரை ஆள்கூடத் தேறாது. அதாவது, எவ்வளவு படித்தாலும் அந்த வகுப்பில் முதல் தரம் யாருக்கும் கிடையாது. பதிமூன்றாவதாக ஒரு ஆள் வந்தால் கணக்கு அரையைத் தாண்டும், அதை முழு ஆளாக எடுத்துக்கொண்டு ஒருவருக்குக் கொடுப்பார்கள்.

கியுவோன் அம்மா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஆள் தேடினாள். தேடித் தேடி, ஒரு கூடை முலாம்பழத்தோடு என்னிடம் வந்து நின்றாள்.

"உன் பொண்ணு மிரே எப்படியும் வகுப்புல தூங்கத்தானே செய்றா? அந்தத் தூக்கத்தை இயற்பியல் வகுப்புல வந்து தூங்கட்டுமே."

"அக்கா, அவளுக்கு நாய் பூனைக்கு வைத்தியம் பார்க்கிற படிப்புதான் பிடிக்கும். இயற்பியல் எதுக்கு?"

"அவ படிக்கவே வேணாம்மா. கீழே ஒருத்தர் இருந்தாத்தானே மேலே ஒருத்தர் நிக்க முடியும்."

என் மகளைத் தரையில் விரிக்கும் பாயாகக் கேட்கிறாள், அதையும் சிரித்துக்கொண்டே கேட்கிறாள். எனக்கு உச்சி வரை எரிந்தது. ஆனால் உள்ளேயிருந்து மிரே ஒரு பழத்தைக் கடித்துக்கொண்டே வந்தாள்.

"எங்க தூங்கினா என்ன பெரியம்மா? அந்த வாத்தியார் திட்ட மாட்டாராம். சேர்றேன்."

அரையாண்டு முடிந்து தரம் வந்தது. முதல் தரம் பொம்சு என்ற பையனுக்கு. அவன் அம்மா தபால் அலுவலகத்தில் முத்திரை குத்துகிறவள். பதிமூன்று பேர் கணக்கெல்லாம் அவள் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை. கியுவோனுக்கு இரண்டாம் இடம். ஆனால் பதிமூன்று பேர் கணக்கில் இரண்டாம் தரத்துக்கு ஒரு ஆளும் தேறவில்லை, அவனுக்கு மூன்றாம் தரம்தான் கிடைத்தது. பிறகு யாரோ சொல்லி விஷயம் தெரிந்துகொண்ட பொம்சு அம்மா, ஒரு பெட்டி அரிசிக் கேக்கோடு நேரே கியுவோன் வீட்டுக்குப் போனாள்.

"நீங்க அந்தப் பொண்ணைச் சேர்த்துவிடலைன்னா எங்க பையனுக்கு இது கிடைச்சிருக்காதாமே. ரொம்ப நன்றிங்க."

கியுவோன் அம்மா இரண்டு கையாலும் பெட்டியை வாங்கிக் குனிந்து வணக்கம் சொன்னாளாம். அந்தக் காட்சியைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

பருவம் தொடங்கும் வாரத்தில் பாடம் மாற்றிக்கொள்ள அனுமதி உண்டு. அடுத்த பருவத்தின் அந்த வாரம் கியுவோன் அம்மா முடி சுருட்ட வந்து உட்கார்ந்தாள். நான் தலை முழுக்கச் சுருள் குச்சிகளை மாட்டி, மருந்து தடவி முடித்ததும் மெல்ல ஆரம்பித்தாள்.

"மிரே அம்மா, பாவம்மா உன் பொண்ணு. அவளுக்கு எதுக்கு அந்தக் கஷ்டம்? வெளியே எடுத்துடேன்."

எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. தன் மகனுக்குக் கிடைக்காத முதல் தரம் யாருக்கும் இருக்கக் கூடாது. அதற்காக, தானே சேர்த்த ஆளைக் கழித்து வகுப்பை மறுபடி பன்னிரண்டாக்க வந்திருக்கிறாள். அன்று போல் அவ்வளவு கேவலமாக நான் அவளை ஒருநாளும் நினைத்ததில்லை.

மூலையில் துண்டு மடித்துக்கொண்டிருந்த மிரே நிமிர்ந்தாள்.

"நான் விட மாட்டேன் பெரியம்மா. ரெண்டு மாசம் தூங்கிப் பார்த்தேன், அப்புறம் அவர் சொல்றது கொஞ்சம் கொஞ்சம் புரிய ஆரம்பிச்சுது. நான் கடைசிகூட இல்லை, தெரியுமா?"

"உன் நல்லதுக்குத்தானே சொல்றேன் கண்ணு."

"நீங்க ஏன் கவலைப்படுறீங்க? இப்ப பன்னிரண்டு பேர்தானே. கியுவோன் திங்கக்கிழமையே பேரை எடுத்துட்டான். சமையல் வகுப்புல சேர்ந்திருக்கான். உங்ககிட்ட சொல்லலையா?"

கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் கண் கலங்கிவிட்டது. பதினாறு வருடம் அவனைத் தவிர வேறு வேலை பார்க்காதவள், பாவம். மருந்து ஊற இன்னும் அரை மணி நேரம் இருந்தது. எழுந்து போகவும் வழியில்லை.

நான் காகிதத் துண்டை நீட்டினேன். அவள் மூக்கைச் சிந்தினாள். பிறகு கண்ணாடி வழியாகவே மிரேயைப் பார்த்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அந்தச் சமையல் வகுப்புல எத்தனை பேர் இருக்காங்க?"