சின்ன ஜீப் விற்ற நாட்கள்

கார் விற்கிறவருக்குக் காரைப் பற்றித் தெரிந்திருந்தால் பாதி வேலைதான் முடியும். வாங்க வருகிறவர் வீட்டில் யார் பேச்சு எடுபடும் என்று தெரிந்தால்தான் மீதியும் முடியும். தொண்ணூறுகளின் கடைசியில் மலாக்காவில் ஒரு கார்க் கடையில் விற்பனைப் பெண்ணாக இருந்தேன். சின்ன ரக ஜீப்புகள் அப்போதுதான் பிரபலமாகத் தொடங்கியிருந்தன. ஆயிரத்து முந்நூறு சிசி எஞ்சின். லீவரைப் போட்டால் நாலு சக்கரமும் இழுக்கும். எதையாவது விற்றுப் பிழைத்தவர்களுக்கு நான் பட்ட பாடு சொல்லாமலே புரியும். இருந்தாலும் சொல்கிறேன்.

ஏசியும் ஏற்றமும்

புக்கிட் பெருவாங்கிலிருந்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், மனைவி, மகள், பேரப்பிள்ளைகளோடு ஓட்டிப் பார்க்க வந்தார். வீடு மேட்டில். "அங்க ஏறிட்டா வாங்கிக்கிறேம்மா" என்றார். சமமான ரோட்டில் பறந்த வண்டி, ஏற்றத்தின் பாதியில் மூச்சு வாங்கியது. மோட்டார் சைக்கிளில் போன ஒருவர் எங்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே முந்திப் போனார். எனக்கு வேர்த்துவிட்டது.

"ஏசிய அடைங்க சார், எஞ்சினுக்குப் பாரம் குறையும்" என்றேன். அடைத்தார். வண்டி உற்சாகமாக ஏறி வாசலில் நின்றது. பெட்ரோலை நாங்கள் எண்ணெய் என்றும், காரைக் காடி என்றும்தான் சொல்வோம். "பாத்தியா, எண்ணெயும் மிச்சம்!" என்று வாத்தியார் பெருமையாகத் திரும்பினார். அவர் மனைவி முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "மிச்சம் புடிச்ச எண்ணெயில எனக்கு ஒரு டாக்சி பிடிச்சுக் குடுங்க, நான் அதுல வர்றேன்."

நாலு சக்கரம்

குருபோங் தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு தம்பி, வண்டி வாங்கிய கொஞ்ச நாளில் கோபமாக வந்தார். எண்ணெய் இப்படிக் குடிக்கிறதே என்றார். ஏறிப் பார்த்தேன். வீட்டுக்கும் வேலைக்கும் தார் ரோட்டிலேயே போகிறவர், நாலு சக்கர லீவரைப் போட்டபடியே ஓட்டிக்கொண்டிருந்தார். சேற்றுக்கு மட்டும்தான் அது என்று விளக்கினேன். அவர் சமாதானமாகவில்லை. "நாலு சக்கரத்துக்கும்தான் காசு குடுத்திருக்கேன் லா, ரெண்ட ஏன் சும்மா விடணும்?"

மச்சான்கள் பந்தயம்

செங் பகுதியில் இருந்த சின்னையா எங்களிடம் சின்ன ஜீப் வாங்கினார். அவர் மச்சான் ராஜுவிடம் இரண்டாயிரம் சிசி பெரிய ஜீப். எது ஜிமாட், அதாவது சிக்கனம், எது எண்ணெயைக் குடிக்கும் என்று இருவருக்கும் ஓயாத சண்டை. கடைசியில் என்னை நடுவராக்கினார்கள். இரண்டு வண்டிக்கும் வழிய வழிய எண்ணெய் நிரப்பி, தம்பின் டவுன் வரை போய்த் திரும்பி, மறுபடி நிரப்பிப் பார்ப்பதாக ஏற்பாடு.

ராஜு பாட்டுக் கேட்டுக்கொண்டு நிதானமாகப் போனார். சின்னையா அவரை முந்த விடக்கூடாது என்று வழியெல்லாம் மிதித்தார். திரும்பி வந்து நிரப்பினால், இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான் குடித்திருந்தன. இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஒருவருக்கு மனைவியும் இன்னொருவருக்குத் தங்கையுமான சரசுதான் தீர்ப்புச் சொன்னாள்: "ரெண்டு பேரும் ஒரே காடியில போயிருந்தா பாதி எண்ணெயிலயே முடிஞ்சிருக்கும்."

செம்மண் சாலை

எஸ்டேட் கிளினிக்கில் டிரெஸ்ஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக இருந்த மாணிக்கம் அண்ணன் அடிக்கடி கடைக்கு வந்து, எந்த எஞ்சின் லிட்டருக்கு எவ்வளவு ஓடும் என்று ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போவார், வாங்க மாட்டார். ஒருநாள் அவருக்குக் காட்ட நானே ஒரு சின்ன ஜீப்பை எஸ்டேட்டுக்கு ஓட்டிப் போனேன். முந்தின நாள் மழையில், செம்பனை மரங்களுக்கு நடுவே போகும் மண்சாலை சேறாகிக் கிடந்தது. கிளினிக் வாசலில் இறங்குவதற்குள் ஒருவர் ஓடிவந்தார். அவர் மனைவி கமலாவுக்குப் பிரசவ வலி. எஸ்டேட் வேனோ சேற்றில் புதைந்துவிட்டது.

கமலாவையும் டிரெஸ்ஸர் அண்ணனையும் பின்னால் ஏற்றி, கணவரை முன்னால் உட்கார வைத்தேன். லீவரைப் போட்டுச் சேற்றில் இறக்கினேன். எஞ்சின் அலறியது. பின்பக்கம் வழுக்கி வாய்க்கால் பக்கம் சாய்ந்தபோது என் கால் பிரேக்குக்குப் போனது. "நிறுத்திடாதம்மா, அப்படியே மெதுவா விடு" என்றார் அண்ணன். தார் ரோட்டைப் பார்த்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

ஆஸ்பத்திரி சேர்ந்த கொஞ்ச நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். யார் பெற்ற பிள்ளைக்கோ நான் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். டிரெஸ்ஸர் அண்ணன் சேறு அப்பிய ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்து கேட்டார்: "எண்ணெய்க் கணக்கு கெடக்கட்டும் தங்கச்சி, இதுல வெள்ளைக் கலர் இருக்கா?"

அந்த எஞ்சின்களின் சிசியும் பெட்ரோல் கணக்கும் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். ஆனால் அவற்றைப் பார்த்து மட்டும் வண்டி வாங்கிய ஒருவரைக்கூட நான் சந்தித்ததில்லை.