விஜிலா கரை சேர்ந்த ஞாயிற்றுக்கிழமை

எங்கள் ஊரில் கார்த்திகை மழை பிடித்தால் உப்பளமே வேலையை நிறுத்திவிடும். பாத்திகளில் தண்ணீர் நிற்கும், குவித்து வைத்த உப்பை மூடிவிட்டு எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் முத்துக்கரை ஓட்டக் கழகத்துக்கு நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட வேண்டும். வெயில் காலத்தில் வைத்தால் மயக்கம் வருமாம். அதனால் மழையில் வைத்தார்கள். பெரிய மூளைக்காரர்கள்.

இந்தக் கழகத்தின் கதையெல்லாம் எனக்குத் தெரிந்ததற்குக் காரணம் விஜிலா. என் வீட்டுக்காரரின் தங்கை. ஐஸ் கம்பெனியில் பில் போடுகிறாள். அவள் புருஷன் மரியான் தோணியில் மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டு போகிறவர். கரையில் இருப்பதைவிடக் கடலில் இருப்பதுதான் அதிகம். ஆறு வருடத்துக்கு முன்னால் இவளுக்குச் சர்க்கரை இருக்கிறது என்று சொல்லி டாக்டர் நடக்கச் சொன்னார். நடக்கத்தான் சொன்னார். இவள் ஒரு மாதம் பீச் ரோட்டில் நடந்து பார்த்துவிட்டு, நடப்பது சலிப்பாக இருக்கிறது என்று ஓட ஆரம்பித்துவிட்டாள். சுடிதாரைப் போட்டு, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கி முடிந்துகொண்டு, கோயில் மணி அடிக்கும் முன்னே கிளம்பிவிடுவாள்.

"ஏளா, இப்படி ஓடி எங்கதான் போய்ச் சேரப் போற?" என்று ஒருநாள் கேட்டேன்.

"புறப்பட்ட இடத்துக்குத்தான் மைனி."

இதற்கு எதற்கு எழுந்திருக்க வேண்டும், கட்டிலிலேயே கிடக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. இன்றைக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

கழகத்தின் தலைவர் ஃபிராங்க்ளின். இரண்டு விசைப்படகுக்குச் சொந்தக்காரன். எங்கள் தெருவில் மூக்கு ஒழுகத் திரிந்தவன், இப்போது கையில் கட்டியிருக்கிற வாட்ச் அவன் நாடித்துடிப்பை அவனுக்கே சொல்கிறது. மற்ற உறுப்பினர்களும் சளைத்தவர்கள் இல்லை. துறைமுகம் வரை ஓடுவார்கள், திரும்பும் வழியில் பத்து இட்லி தின்பார்கள், பிறகு ஓடியதைப் போட்டோ பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்புவார்கள். தின்றதை அனுப்பமாட்டார்கள். தூறல் விழுந்தால் அத்தனை பேரும் டீக்கடையில் ஒதுங்கி, ஓடுவது எப்படி என்று பேசிக்கொண்டிருப்பார்கள்.

இந்தக் கூட்டத்தில் விஜிலாவுக்கு என்ன வேலை தெரியுமா? தண்ணீர் மேசையில் நின்று ஆரஞ்சுப்பழம் நறுக்குவது. போட்டி என்று வந்தால் பெண்களுக்கு ஐந்து கிலோமீட்டர், ஒரு பிளாஸ்டிக் டப்பா பரிசு. விஜிலா வருடா வருடம் டப்பா வாங்கிக்கொண்டு வந்தாள். எங்கள் வீட்டில் மிளகாய்ப்பொடி, மல்லிப்பொடி எல்லாம் அவள் ஓடி வாங்கிய டப்பாவில்தான் இருக்கின்றன.

போன வருடம் அவள் முழு ஓட்டம் ஓட வேண்டும் என்று கேட்டாள். ஃபிராங்க்ளின் தாடையைத் தடவினான். "பொம்பளைங்க உடம்பு தாங்குமான்னு கமிட்டில பேசணும்" என்றான். கமிட்டியில் அத்தனை பேரும் ஆம்பிளைகள். அதில் ஒரு டாக்டரும் உண்டு. பல் டாக்டர். பேசிப் பேசி கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். விஜிலா மட்டும் ஓடலாம். எல்லோருக்கும் உள்ள கெடுப்படி மதியம் ஒரு மணிக்குள் முடித்துவிட்டால் அடுத்த வருடத்திலிருந்து எல்லாப் பெண்களுக்கும் முழு ஓட்டம். முடிக்காவிட்டால் இந்தப் பேச்சையே இனி எடுக்கக்கூடாது.

"சரி" என்றாள் இவள். ஐஸ் கம்பெனியில் அவளோடு வேலை பார்க்கிற பெண்கள் நாலைந்து பேர் அப்போதே அவளோடு ஓட ஆரம்பித்திருந்தார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்தச் சரி.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே மழை கொட்டியது. பீச் ரோட்டில் காற்றடைத்த பெரிய வளைவு, அதன் உச்சியில் சிவப்பு எழுத்தில் மணி காட்டும் கடிகாரம். அங்கிருந்து கிளம்பி முள்ளக்காடு உப்பளம் வழியாகப் பழையகாயல் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும். சிறப்பு விருந்தினர் கொடியசைத்தார். நான் பூசை முடிந்ததும் துண்டு, செருப்பு, பிளாஸ்கில் காப்பி எல்லாம் எடுத்துக்கொண்டு போய், வளைவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் தலையெழுத்து.

பதினோரு மணி இருக்கும், ஒரு வேன் வந்து சற்றுத் தள்ளி நின்றது. கழகத்தின் வீரர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள், நனைந்த கோழி மாதிரி. முள்ளக்காட்டில் ரோட்டின் மேல் தண்ணீர் ஓடுகிறதாம், ஓட முடியாதாம். வந்தவர்கள் சும்மா வரவில்லை. வேனிலிருந்து வளைவு வரை ஓடி, கையைத் தூக்கி போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஃபிராங்க்ளின் ஒவ்வொரு கழுத்திலும் மெடல் போட்டான். மழையின் காரணமாகப் போட்டி ரத்து என்று மைக்கில் சொன்னான். சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தினான். அதுவும் நனைந்தது. பிறகு எல்லோரும் மண்டபத்துக்குப் பிரியாணி சாப்பிடப் போய்விட்டார்கள்.

நான் வேனுக்குள் எட்டிப் பார்த்தேன். விஜிலா இல்லை. டிரைவரைக் கேட்டேன். "ஏறுங்கன்னு கூப்பிட்டோம், மாட்டேன்னு தலையாட்டிட்டாவ. பின்னால வாற வேன்ல ஏறியிருப்பாவ" என்றான்.

சரி, பின்னால் வருகிற வேன் வரட்டும் என்று உட்கார்ந்தேன். மழைதான் வந்தது. அப்புறம் பந்தல் காண்டிராக்டர் செந்தில்முருகன் ஆட்களோடு வந்தான். சாயங்காலம் ஒரு புதுமனை புகுவிழாவாம், வளைவைக் கழற்ற வேண்டுமாம்.

"இன்னும் ஆள் வரணும்" என்றேன்.

"அண்ணாச்சி கழட்டச் சொல்லிட்டாவ, யக்கா."

வளைவுக்குக் காற்றடிக்கிற மிஷின் கீழே இரைந்துகொண்டிருந்தது. அதை நிறுத்தினால் வளைவு பொத்தென்று விழுந்துவிடும். நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், அதன் சுவிட்சை மறைத்துப் போட்டு உட்கார்ந்தேன். என் உடம்பு வாகு உங்களுக்குத் தெரியாது. செந்தில்முருகனுக்குத் தெரிந்தது, அவன் ஒதுங்கி நின்று பீடி பற்றவைத்தான். நான் ஃபிராங்க்ளினுக்குப் போன் போட்டேன்.

"விஜிலா எங்கலே?"

"பின்னால வாற வேன்ல வருவா, யக்கா." வாய் நிறையச் சோறு.

"எந்த வேன்? இங்க ஒண்ணுதான் வந்துச்சு."

யாரையோ கேட்டான். ரெண்டாவது வேன் டிரைவர் மழைக்குப் பயந்து எப்போதோ வீட்டுக்குப் போய்விட்டான் என்று பின்னாலிருந்து ஒரு குரல் சொல்வது எனக்கே கேட்டது. எனக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறியது.

"ஏலே ஃபிராங்க்ளின். உங்க அப்பா கடலுக்குப் போன போட்டு புயல்ல மாட்டிக்கிட்டப்ப நம்ம தெருவுல ஒரு வீட்டுலயாவது அடுப்பு எரிஞ்சுதா? கடைசி போட்டு கரை ஏறுற வரைக்கும் எவனாவது சோத்துல கை வச்சானா? எங்கம்மா மடியில ஒக்காந்து பன்னு தின்னியே, மறந்துட்டியா? ஆளைக் கடல்ல விட்டுட்டு பிரியாணி திங்குத மொதக் கூட்டம் நீங்கதாம்லே!"

போன் வைக்கப்பட்டது. ஃபிராங்க்ளின் ஸ்கூட்டரில் வந்து இறங்கினான், கையைக்கூடச் சரியாகக் கழுவவில்லை. அவன் ஸ்டாண்டு போடுவதற்குள் துறைமுகத்துப் பக்கமிருந்து மழைக்குள் ஒரு ஆள் வருவது தெரிந்தது. ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து ஓட்டம். சுடிதாரெல்லாம் உப்பளத்துச் சேறு. முடி அவிழ்ந்து முகத்தில் ஒட்டியிருந்தது. நான் எழுந்து நின்று கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியவில்லை. அழுதது மட்டும் தெரியும். விஜிலா வளைவுக்குள் நுழைந்து கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தாள். ஒரு மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

துண்டைப் போர்த்தினேன். காப்பியைக் கையில் கொடுத்தேன். அவள் பல்லெல்லாம் கிடுகிடுவென்று அடித்தது.

ஃபிராங்க்ளின் தொண்டையைக் கனைத்தான். "நல்லா ஓடுன விஜிலா. ஆனா ரேஸை ரத்து பண்ணியாச்சே. கணக்குல எடுக்க முடியாது. அடுத்த வருஷம் பார்ப்போம்."

நான் செருப்பைக் கையில் எடுத்தேன். அவளுக்குப் போடக் கொண்டுபோன செருப்பு. விஜிலா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சரிண்ணே. அப்ப அமலனுக்கும் கணக்குல வராதா?"

அமலன் அவன் மகன். ஒரே மகன். காலேஜ் முடித்து, அப்பா பெயரைக் காப்பாற்ற ஓட வந்தவன்.

"அவன் வீட்டுல போய்ப் படுத்திருப்பான்" என்றான் ஃபிராங்க்ளின்.

"இல்லண்ணே. திரும்புத வழியில பழையகாயல்ல ஒரு டீக்கடையில ஒதுங்கி நின்னான். நான் போறதப் பார்த்துட்டு மறுபடியும் எறங்கி ஓடி வாரான். கால்ல கொப்புளம். முள்ளக்காட்டுல முட்டளவு தண்ணி, வண்டி வராது. நானே வந்துருவேன்னு அப்பாட்ட சொல்லுங்கன்னான்."

ஃபிராங்க்ளினின் முகம் சுண்டிப்போனது. மகனுக்குப் போன் போட்டான், மணி அடிக்கவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனான், கொஞ்ச நேரத்தில் இன்ஜினில் தண்ணீர் ஏறி, தள்ளிக்கொண்டே திரும்பி வந்தான். செந்தில்முருகன் பீடியை எறிந்துவிட்டு மிஷின் பக்கம் வந்தபோது, "ஏலே, கழட்டாத! கழட்டாதங்கேன்!" என்று ஃபிராங்க்ளின்தான் அலறினான். "ஆள் வரணும்லே!"

"போட்டி ரத்துன்னீங்களே அண்ணாச்சி?"

"ரத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல."

நான் என் நாற்காலியை அவனுக்குத் தள்ளிக் கொடுத்தேன். "ஒக்காருலே. போட்டு வரட்டும்" என்றேன். அவன் உட்காரவில்லை. மழையில் நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. கொஞ்சம்தான்.

அமலன் வந்தபோது கடிகாரம் ஒன்றரையைத் தொட்டிருந்தது. ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். ஃபிராங்க்ளின் அவனைக் கட்டிப்பிடித்தான், தலையைத் துவட்டினான். பிறகு அவனுக்குள் இருந்த கழகத் தலைவர் திரும்ப வந்துவிட்டார்.

"மழைல்லா... கெடு நேரத்தக் கொஞ்சம் கூட்டி எழுதிக்கலாம். ரெண்டு பேரும் முடிச்சதா வச்சுக்குவோம். என்ன விஜிலா?"

விஜிலா பதில் சொல்வதற்குள் அமலன் சொன்னான். "ஒரு மணி தாண்டிட்டுப்பா. அக்கா மட்டுந்தான் முடிச்சாவ."

மெடல் ஒன்றுகூட மிச்சமில்லை. வேனில் வந்தவர்களுக்கே சரியாகப் போய்விட்டது. முதல் பரிசுக் கோப்பை மட்டும் அட்டைப் பெட்டிக்குள் இருந்தது, உச்சியில் ஒரு தங்கநிற ஆம்பிளை ஓடுகிற கோப்பை. ஃபிராங்க்ளின் அதை எடுத்து, துடைத்து, விஜிலாவிடம் நீட்டினான்.

"சொன்ன சொல்லு மாறமாட்டேன். அடுத்த வருஷம் பொம்பளைங்களுக்கு முழு ஓட்டம் உண்டு."

விஜிலா கோப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, என் கையிலிருந்த செருப்பை வாங்கிக் காலில் மாட்டினாள்.

"ரொம்ப சந்தோஷம்ண்ணே. ஆம்பளைங்களுக்கும் வைக்கணுமா, அவுக உடம்பு தாங்குமான்னு கமிட்டில பேசிக்கிடுங்க" என்றாள்.