பெரிய பிளக்கு இருக்கா?

"வாங்க சிஸ்டர்" என்று வீட்டுக்காரர் சொல்லி முடிப்பதற்குள் விஜயலட்சுமியின் கண் சுவருக்குப் போய்விடும். உட்காரமாட்டார். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார், கிரைண்டர் பக்கம் குனிவார். "பெரிய பிளக்கு எங்க வச்சிருக்கீங்க?" என்பார். காப்பி கொண்டுவந்தவர் காப்பியோடு நிற்க வேண்டியதுதான்.

அந்தமானில், புரோத்ராபூரில் அவரைத் தெரியாதவர் இல்லை. ஆஸ்பத்திரி நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவர். பிள்ளைகள் மெயின்லேண்டில் மனை வாங்கச் சொன்னார்கள். அவர் ஒரு சின்ன மின்சாரக் காரை வாங்கிக் கப்பலில் இறக்கிக்கொண்டார்.

பஜாரில் மின்சாதனக் கடை வைத்திருக்கும் அப்துல் கனியை அவர் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. சுவரில் பொருத்தும் சார்ஜரைக் காட்டினார் கனி. "சீக்கிரம் ஏறும் மேடம், ஏக்தம் பக்கா பீஸ்."

"அது சுவத்தோடயே நின்னுரும் பாய். எனக்குக் கூடவே வர்றது வேணும்."

சின்ன பிளக்கில் மாட்டுவதைக் காட்டினார். விடிய விடியப் போட்டாலும் பாதிகூட ஏறாது என்று ஒதுக்கினார். கடைசியில், பையில் போட்டுத் தூக்கிப்போகிற, பதினைந்து ஆம்பியர் பிளக்கில் மாட்டுகிற சார்ஜரில் வந்து நின்றார். அதன் ஒயரைக் கடை வாசலில் இழுத்துப் போட்டு முழம் போட்டார். எட்டாத இடத்துக்கு ஒரு ஜங்ஷன் பாக்ஸ் தரட்டுமா என்று கனி கேட்டதுதான் தாமதம், வந்ததே கோபம்! "அதுல போட்டா ஒயரு வெந்துரும். என் காரு எரிஞ்சா நீங்களா வந்து பானி ஊத்துவீங்க?"

சார்ஜ் போட்ட பிறகும் விடமாட்டார். பிளக்கின் மேல் புறங்கையை வைத்துப் பார்ப்பார், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல. சுட்டால் உடனே பிடுங்கிவிடுவார். "பிளக்கு லூஸா இருக்கு, மாத்துங்க. டீக் ஹை?" வீட்டுக்காரர் தலையாட்டுவார். ஆஸ்பத்திரியில் ஊசி போடும்போதும் இதே அதட்டல்தான் என்பார்கள்.

இத்தனை ஆர்ப்பாட்டமும் வடக்கே நடு அந்தமானில் இருக்கும் ரங்கத் என்ற ஊருக்குப் போய்வருவதற்காக. அங்கே அஸ்மா இருந்தார். இளவயதில் இருவரும் அந்த ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ்கள், ஒரே குவார்ட்டர்ஸ், ஒரே சோற்றுப்பானை. அப்போது விளக்கு வைக்கும் நேரத்துக்கு வருகிற கரண்ட், சாப்பிட்டுக் கை கழுவுமுன் போய்விடும். ஒருவர் பெட்ரோமாக்ஸைப் பிடிக்க இன்னொருவர் பிரசவம் பார்த்த நாட்கள் அவை. பஸ் வராவிட்டால் மருந்துப் பையோடு நடை. "ஒரு நாளைக்கு நீ வண்டி ஓட்டணும்டி விஜி, நான் முன்சீட்டுல மகாராணி கணக்கா வரணும்" என்று அஸ்மா சொல்வாராம். அந்த நடையைப் பற்றி விஜயலட்சுமி இன்றும் பேசிக்கொண்டே இருப்பார். அதைவிடச் சந்தோஷமாக அவர் இருந்ததே இல்லை.

போன மார்ச்சில் அஸ்மாவிடமிருந்து போன் வந்தது. முட்டி சுத்தமாக முடியவில்லை. மகன் வந்து ஒரேயடியாகக் காயல்பட்டினத்துக்குக் கூட்டிப்போகிறான், கப்பல் டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது.

விஜயலட்சுமி ஒரே கேள்விதான் கேட்டார். "பெரிய பிளக்கு இருக்கா?"

"கிரைண்டர் பிளக்கு இருக்குடி. ஜல்தி வா."

ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வண்டி வரிசையில் காத்து, நிறுத்தவே கூடாத ஆதிவாசிகள் காட்டுச் சாலையில் ஓட்டி, படகில் காரை ஏற்றி இறக்கி, பொழுது சாய ரங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தார். பேட்டரி காலியாகிற நிலைமை. காலையில் அஸ்மாவை முன்சீட்டில் வைத்து, பழைய ஆஸ்பத்திரி வழியாகக் கடற்கரை வரை ஓட்டிக் காட்ட வேண்டும். அதற்கு மறுநாள் மகன் வந்துவிடுவான்.

சமையலறை ஜன்னல் வழியே ஒயரைக் கொடுத்து, சார்ஜரைக் கிரைண்டர் பிளக்கில் மாட்டினார். சிவப்பு விளக்கு எரிந்தது. பிடுங்கி மாட்டினார். மறுபடியும் சிவப்பு.

"எர்த்து சரியில்ல அஸ்மா. எர்த்து இல்லாம இது ஏத்தாது."

கொல்லைப்புறம் போய்ப் பார்த்தார். கரியும் உப்பும் போட்டுக் குழாய் புதைத்த எர்த் குழி, வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மண் ஈரமாக இருந்தால்தான் எர்த் பிடிக்கும்; கோடையில் அதற்குத் தண்ணீர் ஊற்றுவது எல்லா வீட்டிலும் வழக்கம்தான். ஆனால் குழாயில் தண்ணீர் வந்தே மூன்று நாளாகியிருந்தது. போனில் பிளக்கைப் பற்றி விசாரித்தவர் தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை. தன்மேலேயே எரிச்சல் வந்தது அவருக்கு. அரிசி களைந்த தண்ணீரையும் பாத்திரம் அலசிய தண்ணீரையும் கொண்டுபோய் ஊற்றினார். மண் சொய்யென்று குடித்துத் தீர்த்தது. விளக்கு சிவப்பாகவே இருந்தது.

வீட்டில் மிச்சமிருந்தது குடிக்க ஒரு குடமும், அந்திநேர மஃரிப் தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவி ஒளு எடுக்க அஸ்மா மூடி வைத்திருந்த அரை வாளியும்தான். அஸ்மா அந்த வாளியை இழுத்தார்.

"அதுல கை வைக்காத. நான் பக்கத்து வீட்டுல கேக்குறேன்" என்றார் விஜயலட்சுமி.

"அவங்ககிட்ட மட்டும் பானி எங்க இருக்கு? அந்த நாற்காலியைத் தூக்கிக் குழிமேல போடு."

"எதுக்கு?"

"போடுடீங்கறேன்."

அஸ்மா சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து, எர்த் குழியின் மேல் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். கை கழுவினார், வாய் கொப்பளித்தார், முகம் கழுவினார், முழங்கை வரை நனைத்தார். ஒவ்வொரு சொட்டும் குழியிலேயே விழுந்தது. தலையைத் தடவி, கடைசியாகக் கால்களைக் கழுவி, வாளியில் மிஞ்சியதையும் நிதானமாகக் குழியில் சரித்தார்.

ஜன்னலுக்குள் பச்சை விளக்கு எரிந்தது.

"ஏறுதாடி?" என்றார் அஸ்மா.

விஜயலட்சுமி ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்து, அஸ்மாவின் பாதங்களை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு முந்தானையால் துடைத்தார்.